தேக்காவில் ஹீட்டர் தேடிய தம்பி

சனிக்கிழமை மாலை ஆறு மணி. சிராங்கூன் சாலையில் நாம் நடக்கிறோமா, கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாத நேரம். பஃப்ளோ ரோட்டில் வாழையிலைக்கும் கறிவேப்பிலைக்கும் விலை பேசுகிற சத்தம். தேக்கா மார்க்கெட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த இளைஞர் கைபேசியை என் பக்கம் திருப்பி, ஒரு படத்தைக் காட்டினார்.

"அண்ணே, இந்த சாமான் இங்க எந்தக் கடையில கிடைக்கும்? காலையிலிருந்து தேடுறேன்."

படத்தில் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு முழு ரொட்டியின் அளவு இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்கின. பக்கத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி. டீசலில் ஓடும் ஹீட்டர்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, சிங்கப்பூரில் வேர்வை துடைக்கத் துண்டு தேடுவார்கள். நீ குளிர் காய்வதற்குப் பெட்டி தேடுகிறாயே!" என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. "எனக்கில்லண்ணே, அம்மாவுக்கு" என்றார். என் சிரிப்பும் அடங்கிவிட்டது.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் அவருடைய ஊர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த அம்மா, இப்போது தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பிக்குத் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. கேமரன் மலை இரவைப் பற்றி அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மழையும் காற்றும் சேர்ந்துவிட்டால் வயதானவர்களின் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்.

பட்டறைக்கு ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகு பழுதுபார்க்க வந்திருந்ததாம். குளிர்காலத்தில் நியூசிலாந்துக்குப் போகிற படகு. அதனுள்ளே இப்படி ஒரு பெட்டி. சோதனைக்காக ஓடவிட்டபோது, பத்து நிமிடத்தில் அறை மத்தியான வெயில்போல் கதகதப்பாகிவிட்டது. "மத்தவங்க எல்லாம் வேர்க்குதுன்னு வெளிய ஓடினாங்க. எனக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றார் தம்பி.

பெயர்பெற்ற ஜெர்மன் கம்பெனிப் பெட்டிக்கு ஆயிரத்துக்கும் மேல் சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இணையக் கடையில் அதே உருவத்தில் சீனப் பெட்டி நூற்றைம்பது வெள்ளிக்குள் கிடைக்கிறது. கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு வாங்குவோம் என்று தேக்காவுக்கு வந்திருக்கிறார்.

தாயின் குளிருக்காகத் தேடும் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நானும் கூடக் கிளம்பினேன்.

சிங்கப்பூர் சாமான்

வாசகர்களே, நம் தோட்டப்புறங்களில் "சிங்கப்பூர் சாமான்" என்ற சொல்லுக்கே ஒரு மதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவும், சேலையும், கோடரித் தைலமும் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து நம் லயங்களுக்கு வந்தன. மாமன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தார் என்றால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆனால் சிங்கப்பூரில் விற்கப்படும் பொருள் எல்லாம் சிங்கப்பூரில் செய்யப்பட்டதல்ல. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் சரக்கு வந்து இறங்கி, விற்று, புறப்படும் துறைமுகம் இது. நல்லதும் வரும், மட்டமானதும் வரும். எதை எடுப்பது என்பது வாங்குகிற கையைப் பொறுத்தது.

தன்லப் ஸ்திரீட்டில் இரண்டு மின்சாமான் கடைகளில் கேட்டோம். படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். சையது ஆல்வி ரோட்டுப் பக்கம் போனோம். அங்கே மின்விசிறி இருந்தது, கெட்டில் இருந்தது, இஸ்திரிப் பெட்டி இருந்தது. டீசல் ஹீட்டர் இல்லை. ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்கும் ஏறினோம். ஒயரும் சுவிட்சும் மீட்டரும் வேண்டியவர்கள் போகும் இடம் அது. ஒரு சீனக் கடைக்காரர் படத்தைப் பார்த்து, "இது கடையில் வராது, இணையத்தில்தான் வாங்க வேண்டும்" என்றார்.

முன்பு சுங்கை ரோட்டில் பழைய சாமான் சந்தை இருந்தது. தரையில் விரித்த துணியில் இல்லாத பொருளே இல்லை. எதையும் கையில் எடுத்து, திருகி, ஆட்டி, காதில் வைத்துப் பார்த்து வாங்கலாம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இன்றைக்கு மலிவுச் சரக்கு கைபேசித் திரையில்தான் விரிந்து கிடக்கிறது. திரையில் உள்ளதைத் திருகிப் பார்க்க முடியுமா?

அப்போதுதான் எனக்கு ஒருவரின் நினைவு வந்தது. ரோவல் ரோட்டு அடுக்குமாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். தம்பியை அவரிடம் அழைத்துப் போனேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைக் கவனமாகப் பார்த்தார். "உட்காருங்க தம்பி. முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். அப்புறம் வாங்குறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று தொடங்கினார். அவர் சொன்னதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு உலை இருக்கிறது. ஒரு சின்ன பம்பு 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு டீசலைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் அனுப்புகிறது. குளோ பிளக் என்ற கம்பி சிவக்கச் சூடேறி டீசலைப் பற்றவைக்கிறது. எரிவதற்கு வேண்டிய காற்று ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்து உள்ளே வரும். எரிந்த புகை இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். அறையின் காற்றை ஒரு விசிறி இழுத்து, உலையின் வெளிப்புறத்து உலோகத்தின் மேல் ஓடவிட்டுச் சூடாக்கித் திரும்ப அறைக்குள் தள்ளும்.

இங்கே இரண்டு காற்று இருப்பதைக் கவனியுங்கள். நெருப்பு மூச்சுவிடும் காற்று ஒன்று, மனிதர் மூச்சுவிடும் காற்று ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இந்த யந்திரத்தின் உயிர்நாடி அதுதான்.

ஜெர்மனியில் இந்த வகை ஹீட்டருக்குப் பேர்போன கம்பெனிகள் இரண்டு. எபர்ஸ்பேக்கர் 1865இல் தொடங்கியது. வெபாஸ்டோ 1901இல் தொடங்கியது. இரண்டுமே எஸ்லிங்கன் என்ற ஒரே ஊரில் பிறந்தவை என்பது வேடிக்கை. குளிர்நாட்டு லாரி டிரைவர்கள் இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியிலேயே தூங்குவதற்கும், படகுகளில் வசிப்பவர்களுக்கும் இந்த ஹீட்டர்கள் பயன்பட்டன. பிறகு சீனத் தொழிற்சாலைகள் அதே அமைப்பைப் பார்த்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்து உலகம் முழுதும் அனுப்பத் தொடங்கின. பணம் குறைவான படகுக்காரர்கள் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

"அப்ப அது நல்லா வேலை செய்யுதுங்களா ஐயா?" என்று தம்பி ஆவலோடு கேட்டார்.

"செய்யும். பெட்டி பெரும்பாலும் நல்லாத்தான் எரியும். சூடும் கொடுக்கும். வம்பு எங்க இருக்குன்னு கேளுங்க" என்றார் பெரியவர்.

விலை எங்கே குறைந்தது?

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். தானமாக வந்த மாட்டுக்கு அது சரி. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மலிவாக ஒரு பொருள் கிடைக்கும்போது, விலையை எந்த இடத்தில் குறைத்தார்கள் என்று நாம் கேட்க வேண்டும். பெரியவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

முதலாவது, சைலன்சர். மலிவுப் பெட்டியோடு வருவது லாரிக்கான சைலன்சர். மடித்து ஒட்டிய தகடு. தண்ணீர் வடிவதற்காக அடியில் ஒரு சிறு ஓட்டைகூட இருக்கும். லாரிக்கு அடியில், திறந்த சாலையில் அது தொங்கினால் யாருக்கும் கேடில்லை. கசிகிற புகை காற்றோடு போய்விடும். அதே சைலன்சரைப் படகின் உள்ளறையிலோ வீட்டுக்குள்ளோ வைத்தால் ஓட்டை வழியாகப் புகை அறைக்குள் வரும். விவரம் தெரிந்த படகுக்காரர்கள் அதைத் தூர எறிந்துவிட்டு, கசியாத படகுச் சைலன்சரைத் தனியே வாங்கிப் போடுகிறார்கள்.

இரண்டாவது, புகைக்குழாய். அது கைபட்டால் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். மரச்சுவரையோ பலகையையோ தொட்டபடி போகக்கூடாது. அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் உறை வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இரும்பு வளையம் வேண்டும். இவையும் நல்ல தரத்தில் தனியே வாங்க வேண்டியவை.

மூன்றாவது, பெட்டியின் மேல் அச்சிட்ட எண். 5 கிலோவாட் என்பார்கள், 8 கிலோவாட் என்பார்கள். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடம்பு ஒன்றாகவே இருப்பதும் உண்டு. எண்ணை அச்சிட மை போதுமே!

நான்காவது, மின்சாரம். இந்த ஹீட்டர் வீட்டு 230 வோல்ட்டில் ஓடாது. லாரி பேட்டரியின் 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ வேண்டும். பற்றவைக்கும்போது பத்து ஆம்பியர் வரை இழுக்கும். நிறுத்தும்போது ஸ்விட்சைப் பிடுங்கக்கூடாது. விசிறி சில நிமிடம் ஓடி உலையைக் குளிரவைத்த பிறகுதான் தானாக நிற்கும். நடுவில் மின்சாரம் போனால் உள்ளே சூடு தங்கிப் பாகங்கள் உருகலாம்.

ஐந்தாவதாகப் பெரியவர் சொன்னதைத்தான் நானும் தம்பியும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. "படகு கடல் மட்டத்துல ஓடுது. உங்க அம்மா வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். மலைமேல் போகப் போகக் காற்று மெலிகிறது. நல்ல கம்பெனிக்காரர்களே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் வரையில்தான் சாதாரண அமைப்பில் ஓட்டலாம் என்கிறார்கள். அதற்கு மேலே டீசல் அளவைக் குறைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். இல்லையென்றால் டீசல் முழுதும் எரியாது. உலைக்குள் கரி படியும், புகை கூடும். தானா ராத்தா அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரிஞ்சாங் அதைவிடவும் உயரம்.

"இவ்வளவும் சேர்த்துப் போட்டா நூற்றைம்பது வெள்ளிப் பெட்டி எவ்வளவுக்கு வந்து நிக்கும் தம்பி?" என்று கேட்டார் பெரியவர். தம்பி பதில் சொல்லவில்லை.

டீசல் செலவையும் கணக்குப் போட்டோம். மிதமாக ஓட்டினால் மணிக்கு 0.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 1.6 லிட்டர். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்ந்தது. அதன்பின் ஏறி இறங்கி வருகிறது. 3.35 என்றே வைத்தால், ஓர் இரவுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல். மாதம் முப்பது இரவும் ஓட்டினால் நூற்று அறுபது வெள்ளி. ஓய்வுபெற்ற தாய்க்கு இது சிறிய தொகையா?

மணமில்லா நஞ்சு

பெரியவர் புகையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசியதற்குக் காரணம் உண்டு. டீசலோ, பெட்ரோலோ, கரியோ, விறகோ, எரிவாயுவோ போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனோக்சைடு என்ற வாயு அதிகமாக உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. நம் இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் பொருளோடு, உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் உடம்புக்குப் போய்ச் சேராது.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்.

2013 ஏப்ரல் 1ஆம் தேதி இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரியில் நடந்ததைக் கேளுங்கள். 'ஆர்னிஸ்டன்' என்ற மோட்டார் படகில் ஒரு தாயும் அவருடைய பத்து வயது மகளும் இந்த வாயுவால் உயிரிழந்தார்கள். அது ஹீட்டரால் வந்ததல்ல. படகில் மின்சாரத்துக்காக வைத்திருந்த பெட்ரோல் ஜெனரேட்டரால் வந்தது. அதன் புகைக்குழாயும் சைலன்சரும் கைவேலையாகச் செய்து பொருத்தப்பட்டவை. அந்தப் பொருத்து கழன்றதால் புகை அறைக்குள் வந்தது. இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்த வேண்டிய கருவி படகில் இருந்தது. ஆனால் அது பழையதாகிப்போய், மின் இணைப்பும் இல்லாமல் கிடந்தது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணையில் வெளிவந்த செய்திகள் இவை.

எஞ்சின் கெட்டுப் போகவில்லை. குழாய்ப் பொருத்து ஒன்று கழன்றது. அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வரும், தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனோக்சைடு அலாரம் கட்டாயமாக்கப்பட்டது.

அம்மாவின் கணப்புச் சட்டி

இந்தப் பேச்சின் நடுவில் தம்பியின் கைபேசி அடித்தது. ஊரிலிருந்து அம்மா. எங்களுக்கும் கேட்கட்டும் என்று தம்பி சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

"சாப்பிட்டியாப்பா?" என்று தொடங்கினார் அந்தத் தாய்.

"சாப்பிட்டேம்மா. உனக்குத்தான் ஹீட்டர் பாத்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி ரொம்பக் குளிருதா?"

"எதுக்குப்பா காசைக் கரியாக்குற? எனக்கு ஒண்ணும் குளிரல. பழைய சட்டியில நாலு கரித்துண்டு போட்டுப் பத்த வெச்சுக் கட்டிலுக்கிட்ட வெச்சிக்கிறேன். கதவு சன்னலைச் சாத்திட்டா நல்லா கதகதன்னு இருக்கு. காலையிலதான் கொஞ்சம் தலை வலிக்குது. வயசாயிடுச்சு பாரு..."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். தம்பியின் முகம் வெளுத்துப் போனது. இவ்வளவு நேரம் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். படகில் இருந்த அதே நஞ்சு, தன் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, இன்னிக்கு அந்தச் சட்டியை உள்ள வைக்காத. இப்பவே வெளிய கொண்டு போய்த் தண்ணி ஊத்தும்மா. சன்னலத் தொறந்து வை" என்று தம்பி கெஞ்சினார். அம்மா சிரித்தார். "நான் பொறந்ததிலிருந்து கணப்புல குளிர் காயுறேன், எனக்கா சொல்லித் தர்ற?" என்றார்.

பெரியவர் கைபேசியை வாங்கினார். "அம்மா, நான் படகு எஞ்சின் வேலை பார்த்தவன். அந்தக் காலத்துல நீங்க குளிர் காஞ்சது குசினியில, இல்லேன்னா வாசல்ல. கூரையிலயும் பலகையிலயும் ஆயிரம் ஓட்டை இருந்துச்சு, புகை போயிடுச்சு. இப்ப சிமெண்டுச் சுவரு, கண்ணாடிச் சன்னலு. சாத்திட்டா காத்து எங்க போகும்? காலையில வர்ற தலைவலி வயசால வரலம்மா, கரியால வருது. நாளைக்கே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்க" என்றார். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்கய்யா, இப்பவே எடுத்து வெளிய வெச்சிடுறேன்" என்ற குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுச் சன்னலைத் திறக்கச் சொன்ன பிறகுதான் தம்பி மூச்சுவிட்டார்.

நம் மலைத்தோட்டங்களில் இந்தப் பழக்கம் ஒரு வீட்டில் மட்டும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. கேமரன் மலையானாலும், கடல் கடந்த நுவரெலியாவானாலும், குளிருக்குக் கரிதான் ஏழையின் கம்பளி. ஆகவேதான் ஹீட்டர் தேடிய கதையை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வாங்குவோர் கவனத்திற்கு

அன்றிரவு பெரியவர் சொன்னவற்றையும், நான் விசாரித்து அறிந்தவற்றையும் தொகுத்துத் தருகிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தூங்கும் அறையில் கரி, விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு எதையும் எரிக்காதீர்கள். மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டரை அஞ்சடியிலோ சன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

டீசல் ஹீட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், பெட்டி, டீசல் தொட்டி, சைலன்சர் மூன்றையும் வீட்டுக்கு வெளியே வைத்து, சூடான காற்றை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வரவேண்டும். புகைக்குழாயின் வாய், சன்னலையும் கதவையும் விட்டு விலகி இருக்க வேண்டும். பொருத்துகிற வேலையை இந்த யந்திரம் தெரிந்தவரிடம் விடுங்கள். பெட்டியில் மிச்சப்பட்ட காசை இந்த இடத்தில் செலவழியுங்கள்.

எதை எரித்தாலும் வீட்டில் கார்பன் மோனோக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். புகை அலாரம் வேறு, இது வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஐரோப்பியத் தர எண் இஎன் 50291 என்று அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இந்த வாயு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் அது கத்திவிட வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில், மூச்சுவிடும் உயரத்தில் மாட்டுங்கள். அதற்கும் ஆயுள் உண்டு. காலாவதி ஆண்டு பின்புறத்தில் இருக்கும். வாரம் ஒருமுறை பொத்தானை அமுக்கிச் சோதியுங்கள்.

மின்சாரம் உள்ள வீட்டுக்கு, எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் பொருத்தமானது. அதில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. 1,000 வாட் ஹீட்டரைப் படுக்கப்போகும் முன் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட் மின்சாரம் ஆகும். ஆனால் அதைச் சுவர்ப் பிளக்கில் நேரே மாட்ட வேண்டும். நாலைந்து சாமான் மாட்டிய நீட்டு ஒயரில் மாட்டினால் ஒயர் உருகும். பழைய தோட்டத்து வீடுகளில் முதலில் ஒயரிங்கையும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரையும் ஒயர்மேனிடம் காட்டுங்கள். சிங்கப்பூரில் இந்தப் பிரேக்கர் 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. பழைய வீட்டுக்காரர்களுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது.

சிங்கப்பூரில் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரையைத் தேடுங்கள். பிளக், அடாப்டர், பல முனைப் பிளக், கெட்டில், தண்ணீர் ஹீட்டர் முதலிய 33 வகை வீட்டுப் பொருட்களுக்கு அந்த முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். முத்திரைக்கு அடியில் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். மலேசியாவில் வாங்கும் மின்சாமானுக்குச் சிரிம் முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டு வியாபாரியிடம் இணையத்தில் நேரே வாங்கும் பொருளில் இந்த இரண்டும் இல்லாமல் போகலாம்.

இன்னொரு செய்தி. பயணிகளுக்குச் சிங்கப்பூர் பொருள் சேவை வரியைத் திருப்பித் தருவார்கள் என்று சொல்லி விலையைக் குறைவாகக் காட்டுவார்கள். அது விமானத்தில் புறப்படுவோருக்கே பொருந்தும். ஜோகூர்ப் பாலத்தில் பேருந்தில் திரும்பும் நமக்குக் கிடையாது. கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

யாருக்காவது அறையில் தலைசுற்றினால், முதலில் கதவைத் திறந்து அவரை வெளியே தூக்கி வாருங்கள். அப்புறம் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு அழையுங்கள். கரி எரிந்ததா, ஜெனரேட்டர் ஓடியதா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹீட்டர் போய்ச் சேர்ந்தது

தம்பி கடைசியில் டீசல் ஹீட்டர் வாங்கவில்லை. அந்தப் பணத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கில் கார்பன் மோனோக்சைடு அலாரம். ஒரு பங்கில் கனமான கம்பளியும், வெந்நீர் ஊற்றி அணைத்துக்கொள்ளும் ரப்பர்ப் பையும். மூன்றாவது பங்கில், ஊருக்குப் போனபின் சிரிம் முத்திரையோடு ஒரு சிறிய எண்ணெய் ஹீட்டர். அதை மாட்டுவதற்கு முன் ஒயர்மேன் வந்து பழைய பிளக்கைக் கழற்றிப் புதிது போட்டாராம். கதவின் அடியில் காற்று வரும் இடுக்குக்குப் பழைய சேலையைச் சுருட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அம்மாவேதான்.

போன தீபாவளிக்கு மறுவாரம் தேக்காவில் தம்பியைத் திரும்பப் பார்த்தேன். "தலைவலி எப்படி?" என்று கேட்டேன்.

"அது போயிடுச்சுண்ணே. சட்டியில இப்ப ரோசாச் செடி வெச்சிருக்காங்க" என்றார்.

அலாரத்தைக் கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டு, வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எல்லாம் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்களாம். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஹீட்டர் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுச் சேவலை வாங்கியாந்திருக்கியே!" என்றாராம்.

ஓடிவந்த பக்கத்து வீட்டாரில் இரண்டு பேர், தங்களுக்கும் ஒவ்வொன்று வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதை வாங்கத்தான் தம்பி அன்று தேக்கா பக்கம் வந்திருந்தார். கூட நானும் நடந்தேன்.